கூகுளைக் கிண்டிப் பார்ப்போம்: விடுமுறை நாளுக்குச் சில ஆட்டங்கள்

கூகுளில் நாம் தேடுவதெல்லாம் காரியமாகத்தான் இருக்கும். மின்கட்டணம் கட்டும் பக்கம், தேர்வு முடிவு, பக்கத்தில் இருக்கும் பல் டாக்டர், பால் திரிந்துபோனால் பாயசத்தை எப்படிக் காப்பாற்றுவது. ஒரு காரியமும் இல்லாமல் அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? நான் உட்கார்ந்தது ஒரு மே மாதத்தில். அக்கா பிள்ளைகள் இரண்டு பேர் விடுமுறைக்கு வந்திருந்தார்கள், டிவி ரிமோட் ஒன்றுதான் இருந்தது, வெளியே போக முடியாத வெயில். லேப்டாப்பைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து ஏதோ ஒன்றைக் காட்டினேன். அன்றைக்கு ரிமோட்டை யாரும் தேடவில்லை.

ஆட்டங்களுக்குப் போகும் முன் தேடுபொறியின் குணம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜவுளிக்கடையில் நாம் கேட்ட நிறம் இருக்காது. ஆனாலும் விற்பனையாளர் 'இல்லை' என்று சொல்ல மாட்டார், நாற்பது புடவையை எடுத்துப் போடுவார். தேடுபொறியும் அதே ரகம். தப்பாக எழுதினால் தானே திருத்திக்கொள்ளும், பாதி எழுதினால் மீதியை ஊகிக்கும், கேட்ட சொல் கிடைக்காவிட்டால் அந்தச் சொல்லையே நைசாக விட்டுவிட்டு வேறு எதையாவது காட்டும். கீழே வரும் ஆட்டங்கள் பெரும்பாலும் இந்தக் குணத்தோடு விளையாடுவதுதான்.

முதலில் மேஜையைத் தயார் செய்யுங்கள்

போனிலும் ஆடலாம். ஆனால் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து பார்க்க லேப்டாப் வசதி, கடைசி ஆட்டத்துக்கு அது கட்டாயமும்கூட. பிரவுசரில் இன்காக்னிட்டோ ஜன்னலைத் திறந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் நீங்கள் போன வாரம் எதைத் தேடினீர்கள் என்று பிள்ளைகள் முன்னால் அது காட்டிக் கொடுக்கும். எனக்கு அந்த அனுபவம் உண்டு, விவரம் வேண்டாம்.

இன்னொரு வேலை. இப்போதெல்லாம் முடிவுகளுக்கு மேலே செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்கம் ஒன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. புதிர் ஆட்டங்களில் அது, விடையைச் சத்தமாகச் சொல்லிவிடும் பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி. தேடல் பெட்டிக்குக் கீழே படங்கள், செய்திகள், வீடியோ என்று வரிசையாக இருக்கும் அல்லவா, அதில் 'வெப்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். நேரே தெரியாவிட்டால் 'மோர்' என்பதற்குள் இருக்கும். 2024ல் வந்த வசதி இது. வெறும் இணைப்புகளை மட்டும் காட்டும்.

அப்புறம் ஒரு பேப்பர், பேனா. மார்க் போட.

சூடுபிடிக்க: மந்திரச் சொற்கள்

இவை ஆட்டம் என்பதைவிட வேடிக்கை. புதிதாக வருபவர்களை ஐந்தே நிமிடத்தில் மேஜைக்கு இழுத்துவிடும். எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில் டைப் செய்ய வேண்டும், பக்கம் 'வெப்' என்பதில் இல்லாமல் சாதாரணமாக இருக்க வேண்டும்.

'டூ எ பேரல் ரோல்' என்று தேடுங்கள். பக்கம் முழுவதும் ஒரு குட்டிக்கரணம் போட்டு நிற்கும். 2011 நவம்பரில் வந்த குறும்பு. 'அஸ்க்யூ' என்று தேடினால் பக்கம், ஆணி கழன்ற காலண்டர் மாதிரி லேசாகச் சாய்ந்துகொள்ளும். போன் உடைந்துவிட்டது என்று யாரையாவது நம்ப வைக்க நல்லது.

எனக்குப் பிடித்தது 'ரிகர்ஷன்'. ஒரு நிரல் தன்னையே மறுபடி மறுபடி அழைத்துக்கொள்வதைக் கணினிக்காரர்கள் அப்படிச் சொல்வார்கள். அந்தச் சொல்லைத் தேடினால், 'நீங்கள் கேட்டது ரிகர்ஷனா?' என்று அதே சொல்லைக் காட்டிக் கேட்கும். அதைத் தொட்டால் மறுபடியும் அதே பக்கம், அதே கேள்வி. நகைச்சுவை புரியும்வரை தொட்டுக்கொண்டே இருக்கலாம். அக்கா மகன் பதினான்கு முறை தொட்டான். எழுத்துகளைக் கலைத்துப் போடும் சொல்விளையாட்டுக்கான 'அனகிராம்' என்ற சொல்லைத் தேடினால், அதன் எழுத்துகளையே கலைத்து அடுக்கி 'நாக் எ ராம்' என்பதையா கேட்டீர்கள் என்கிறது. யாரோ ஓர் ஊழியர் சிரித்துக்கொண்டே எழுதியிருப்பார்.

ஒன்று கவனிக்க வேண்டும். இந்த மாதிரிப் பட்டியல்கள் பத்து வருடமாகச் சுற்றுகின்றன, பாதி செத்துப்போனவை. 2012ல் வந்த 'ஜெர்க் ரஷ்' ஆட்டத்தில் வட்டமான எழுத்துகள் கூட்டமாக வந்து தேடல் முடிவுகளைத் தின்னும். இப்போது கூகுளில் அது இல்லை. பழைய குறும்புகளைப் பாதுகாக்கும் ரசிகர் தளங்கள் சில உண்டு. கூகுள் என்ற பெயரைப் பின்னாலிருந்து எழுதி வைத்துக்கொண்ட ஒரு தளம் அதில் பிரபலம்.

'பேக்மேன்', 'ஸ்னேக்', 'சாலிடேர்', 'டிக் டாக் டோ' என்று தேடினால் முடிவுப் பக்கத்திலேயே ஆடலாம். பேக்மேன் 2010 மே மாதம், அந்த ஆட்டத்தின் முப்பதாவது ஆண்டுக்காகக் கூகுள் முகப்பில் வந்தது. ஆனால் எங்கள் வீட்டில் அதிகம் புழங்குவது 'ரோல் எ டை', அதாவது பகடை. பரமபதத்துக்குப் பகடை தொலைந்த வீடுகளுக்கு ஆறு முகப் பகடை போதும். தாயக்கட்டை தொலைந்திருந்தால்? அதற்கும் வழி உண்டு. அந்தப் பெட்டியில் நாலு முகப் பகடை ஒன்று இருக்கிறது, முக்கோணமாக. ஆறு முகத்தை எடுத்துவிட்டு இதில் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 4 விழுந்தால் கட்டையின் வெறும் பக்கம், அதாவது பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 1, இன்னொன்றில் 4 விழுந்தால் தாயம். இரண்டிலும் 4 என்றால் பன்னிரண்டு. அது காட்டும் மொத்தத்தை நம்பாமல் ஒவ்வொரு பகடையையும் தனியாகப் பாருங்கள். என் அம்மா இதை ஏற்றுக்கொள்ள இரண்டு நாள் ஆனது. 'உருட்டுற சத்தமே இல்லாம என்ன தாயம்' என்பது அவர் வாதம்.

இணையமே இல்லாத நேரத்துக்கு: குரோம் பிரவுசரில் நெட் துண்டிக்கப்பட்டால் ஒரு டைனோசர் நிற்கும், ஸ்பேஸ் பொத்தானைத் தட்டினால் ஓடத் தொடங்கும். 2014ல் சேர்த்தார்கள். இது தேடுபொறியின் ஆட்டம் இல்லை, பிரவுசருடையது. இருந்தாலும் கரண்ட் போய் மோடம் அணைந்த வீட்டில் இதைச் சொல்லாமல் விடுவது பாவம்.

கால்குலேட்டரைச் சீண்டுதல்

தேடல் பெட்டியில் கணக்குப் போடலாம் என்பது தெரிந்திருக்கும். அந்தக் கால்குலேட்டருக்குக் கொஞ்சம் ஆங்கிலமும் தெரியும் என்பதில்தான் விளையாட்டு. ஒற்றைக்கொம்புக் குதிரையான யூனிகார்னுக்கு எத்தனை கொம்பு என்று ஆங்கிலத்தில் கேட்டால், 'நம்பர் ஆஃப் ஹார்ன்ஸ் ஆன் எ யூனிகார்ன்', கால்குலேட்டர் திறந்து 1 என்று சொல்லும். வாழ்வு, பிரபஞ்சம் எல்லாவற்றுக்குமான விடை என்ன என்று கேட்டால் 42 என்னும். ஓர் ஆங்கில அறிவியல் கேலிக்கதையிலிருந்து வந்த விடை அது.

அபூர்வமாக நடப்பதை ஆங்கிலத்தில் 'ஒன்ஸ் இன் எ புளூ மூன்' என்பார்கள். ஒரே மாதத்தில் இரண்டு பௌர்ணமி வந்தால் இரண்டாவதற்கு நீல நிலா என்று பெயர். இதைத் தேடல் பெட்டியில் எழுதிப் பாருங்கள். 1.16699016 × 10⁻⁸ ஹெர்ட்ஸ் என்று பதில் வரும். ஒரு வினாடிக்கு எத்தனை முறை நடக்கிறது என்ற கணக்கு. திருப்பிப் போட்டால் சுமார் 2.7 வருடத்துக்கு ஒருமுறை.

இங்கேதான் நம் ஆட்டம் தொடங்குகிறது. தமிழில் இதற்கு என்ன சொல்வோம்? மாமாங்கத்துக்கு ஒருமுறை. கும்பகோணத்து மகாமகம் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை, 2004, 2016, அடுத்தது 2028. கூகுளுக்கு மாமாங்கம் தெரியாது, நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒன்றைப் பன்னிரண்டு வருடத்தால் வகுத்து, விடையை ஹெர்ட்ஸில் கேளுங்கள்: 1, வகுத்தல் கோடு, அடைப்புக்குள் 12 இயர்ஸ், அப்புறம் இன் ஹெர்ட்ஸ். சுமார் 2.64 × 10⁻⁹ வரும். நம் ஊர் அபூர்வம் அவர்களுடையதைவிட நாலு மடங்குக்கும் மேல் அபூர்வம். காஞ்சிபுரம் அத்திவரதர் நாற்பது வருடத்துக்கு ஒருமுறை. அது 7.9 × 10⁻¹⁰ பக்கம் போகும்.

வீட்டு ஆட்டமாக இதை இப்படி ஆடுகிறோம்: ஆளுக்கு ஓர் அபூர்வ நிகழ்ச்சி சொல்ல வேண்டும், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று மற்றவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும், பிறகு ஹெர்ட்ஸ் கணக்கு. 'மாமா தானா எழுந்து காபி போடுறது' என்பதற்கு எவ்வளவு வந்தது என்பதை எழுதப்போவதில்லை.

பாதியில் நிறுத்தி மீதியைச் சொல்

கூட்டம் அதிகமாக இருந்தால் இதுதான் சிறந்த ஆட்டம். தேடல் பெட்டியில் இரண்டு சொல் எழுதினாலே மீதியை அது ஊகித்துக் கீழே வரிசையாகக் காட்டும். 2004 டிசம்பரில் சோதனையாகத் தொடங்கி 2008ல் எல்லோருக்கும் வந்த வசதி. மற்றவர்கள் என்ன தேடுகிறார்கள், எந்த ஊரிலிருந்து, எந்த மொழியில், இன்றைக்கு எது பரபரப்பு என்பதையெல்லாம் பார்த்துத்தான் அந்த வரிசை வருகிறது. அதாவது, ஊர் மனசை ஊகிக்கும் ஆட்டம் இது.

ஒருவர் நடுவர். லேப்டாப் அவரிடம் மட்டும், திரை மற்றவர்களுக்குத் தெரியக்கூடாது. அவர் ஒரு தொடரைப் பாதிவரை டைப் செய்து நிறுத்துகிறார், என்டர் தட்டக்கூடாது. வந்த வரிசையை மேலிருந்து கீழாகப் பேப்பரில் எழுதிக்கொள்கிறார். ஏன் எழுத வேண்டும் என்றால், ஓர் எழுத்தை அழித்துத் திரும்ப எழுதினால் வரிசை மாறிவிடலாம், அப்புறம் சண்டை. பிறகு பாதித் தொடரைச் சத்தமாகச் சொல்கிறார். மற்றவர்கள் ஆளுக்கு இரண்டு ஊகம். முதல் வரியைச் சொன்னவருக்கு 10, இரண்டாவதுக்கு 9, அப்படியே இறங்கும்.

தொடக்கத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் நடுவரின் திறமை. 'ஏன்' என்று மட்டும் கொடுத்தால் யாராலும் சொல்ல முடியாது. 'சென்னை' என்று கொடுத்தால் சப்பென்று இருக்கும். 'பூனை ஏன்', 'இட்லி மாவு', 'தூக்கத்தில்', 'மாமியார்' மாதிரி, எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். ஒரே தொடக்கத்தைத் தமிழ் எழுத்தில் ஒருமுறை, ஆங்கில எழுத்தில் தமிழாக ஒருமுறை, முழு ஆங்கிலத்தில் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். மூன்றும் வெவ்வேறு ஆட்கள் கேட்கும் கேள்விகள் என்று தெரியும். இந்த ஒப்பீட்டுக்காகவே நான் சில நாள் தனியாக உட்கார்ந்து ஆடியிருக்கிறேன்.

ஆபாசம், வன்முறை, வெறுப்பு இவற்றைப் பரிந்துரைகளிலிருந்து வடிகட்டுகிறார்கள். வடிகட்டி ஓட்டை இல்லாதது அல்ல. பிள்ளைகள் நடுவராக இருந்தால் தொடக்கங்களை நீங்கள் முன்கூட்டியே ஒருமுறை பார்த்து வைப்பது நல்லது. தெரிந்தவர்களின் பெயரைப் போட்டுப் பார்ப்பதும் வேண்டாம்.

மாலை என்றால் எந்த மாலை?

டைப் செய்யத் தெரியாத பெரியவர்களுக்கு இது ஏற்ற ஆட்டம். இரண்டு பொருள் உள்ள சொல் ஒன்றை எடுங்கள். மாலை, படி, ஆறு, திங்கள், வேங்கை, அன்னம், கால். படத் தேடலில் அந்தச் சொல்லை மட்டும் கொடுக்கப்போகிறோம். என்டர் தட்டும் முன் எல்லோரும் பந்தயம் கட்ட வேண்டும்: முதல் இருபது படத்தில் பூமாலை எத்தனை, பொழுது சாயும் வானம் எத்தனை? வேங்கை என்றால் மரமா, புலியா? எண்ணிக்கைக்கு நெருக்கமாகச் சொன்னவருக்கு மார்க். எந்தப் பொருளும் வராமல் யாரோ ஒரு நடிகர் வந்தால் நடுவருக்கு மார்க். பெரும்பாலும் நடுவர்தான் ஜெயிப்பார்.

இதையே திருப்பியும் ஆடலாம். தேடல் பெட்டியின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி மறைத்துவிட்டுப் படங்களை மட்டும் காட்டுங்கள். என்ன சொல்லைத் தேடினோம் என்று கண்டுபிடிக்க வேண்டும். 'யானை' என்றால் ஒரு வினாடி. 'பொறாமை' என்றால் அரை மணி நேரம் போகும்.

சங்கிலிப் புதிர்

2011ல் கூகுளே தினம் ஒரு புதிர் வெளியிட்டது. ஒரே தேடலில் விடை கிடைக்காது, முதல் விடையை வைத்து இரண்டாவதைத் தேட வேண்டும். ஆட்டத்துக்கென்றே ஒரு தேடலும் வைத்தார்கள். அது புதிர் வெளியாவதற்கு முந்தைய இணையத்தில் மட்டும் தேடும், அதனால் வேறு யாராவது விடையை எழுதி வைத்திருந்தாலும் கண்ணில் படாது. அது நின்று பல காலமாகிறது. நாமே செய்துகொள்ளலாம்.

ஒரு மாதிரி: தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் திறந்த அதே ஆண்டில், இந்தப் பக்கத்து மொழிகளைப் பற்றி லண்டனில் ஓர் இலக்கண நூல் அச்சானது. எழுதியவர் இறந்தது மலையில், அடக்கமானது சமவெளியில். எந்த இரண்டு ஊர்கள்?

முதல் கண்ணி, ராயபுரம் ரயில் நிலையம், 1856. இரண்டாவது, அந்த ஆண்டில் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம், அதாவது கால்டுவெல். மூன்றாவது, அவர் 1891ல் கொடைக்கானலில் இறந்தார், உடலை இடையன்குடிக்குக் கொண்டுபோனார்கள். கணக்குப் பாருங்கள்: கேள்வியில் ரயில் நிலையத்தின் பெயர் இல்லை, நூலின் பெயர் இல்லை, ஆள் பெயரும் இல்லை. சங்கிலி கட்டும்போது அதுதான் விதி, எந்தக் கண்ணிக்கும் அடுத்த கண்ணியின் பெயர் தெரியக்கூடாது. விடையிலிருந்து பின்னோக்கிக் கட்டினால் சுலபம். முதலில் இடையன்குடியை எடுத்துக்கொண்டு அங்கிருந்து நடந்து வாருங்கள்.

தேடுபவர்களுக்கும் விதி உண்டு. முழுக் கேள்வியையும் அப்படியே பெட்டியில் ஒட்டக்கூடாது, ஒரு தேடலுக்கு ஐந்து சொல்லுக்கு மேல் கூடாது. ஐந்துதான் என்று கட்டிப்போட்டால் எந்தச் சொல் முக்கியம் என்ற யோசனை தானாக வரும். மேற்கோள் குறிக்குள் போட்டால் அந்தச் சொற்கள் அதே வரிசையில் இருக்கும் பக்கம், முன்னால் கழித்தல் குறி போட்டால் அந்தச் சொல் இல்லாத பக்கம். இந்த இரண்டை மட்டும் சொல்லிக்கொடுங்கள், போதும்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. 2003ல் நிறைய இணையதளக்காரர்கள் கூடிப் பேசிக்கொண்டு, 'மோசமான தோல்வி' என்று பொருள்படும் ஓர் ஆங்கிலத் தொடரை அன்றைய அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் அரசுப் பக்கத்துக்கு இணைப்பாகக் கொடுத்தார்கள். ஒரு பக்கத்துக்கு இணைப்புக் கொடுப்பவர்கள் என்ன சொல்லி இணைக்கிறார்களோ, அந்தப் பக்கம் அதைப் பற்றியதுதான் என்று தேடுபொறி நம்பும். அந்தத் தொடரைத் தேடினால் அதிபர்தான் முதலில் வந்தார். 2007 ஜனவரியில்தான் கூகுள் இந்த ஓட்டையை அடைத்தது. அது பெரியவர்கள் ஆடிய ஆட்டம், நமக்கு வேண்டாம்.

ஒற்றை வேட்டை

இனி, எனக்கு மிகவும் பிடித்தது. கேட்டதற்கெல்லாம் லட்சக்கணக்கில் அள்ளிப் போடும் தேடுபொறியை ஒரே ஒரு முடிவு மட்டும் காட்ட வைக்க வேண்டும். 2002ல் அமெரிக்காவைச் சேர்ந்த கேரி ஸ்டாக் இதற்குக் 'கூகுள்வேக்' என்று பெயர் வைத்தார். இரண்டு சொல், இரண்டும் அகராதியில் இருக்க வேண்டும், மேற்கோள் குறி கூடாது, கிடைக்கும் அந்த ஒரு பக்கம் வெறும் சொற்பட்டியலாக இருக்கக்கூடாது. பிரிட்டனில் ஒரு நகைச்சுவைக் கலைஞர் இதில் விழுந்து, தன் முப்பத்திரண்டாவது பிறந்தநாளுக்குள் வரிசையாகப் பத்து ஒற்றைப் பக்கங்களின் சொந்தக்காரர்களை நேரில் சந்திக்கிறேன் என்று நாடு நாடாக அலைந்தார்.

ஆங்கிலத்தில் இப்போது இது மிகக் கடினம், அவ்வளவு பக்கங்கள் பெருகிவிட்டன. தமிழில் இன்னும் முடியும். ஆனால் பழைய விதியைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கிறது. நாங்கள் ஆடும் முறை இது.

சொற்களை எடுங்கள். ஒரு சொல் பழையது, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியில் இருக்க வேண்டும். 1924 முதல் 1936 வரை வந்த அந்தப் பேரகராதி இணையத்திலேயே கிடைக்கிறது, ஒரு லட்சத்துக்கும் மேல் சொற்கள். இன்னொன்று புதியது, விக்சனரியில் இருந்தால் போதும். ஏன் ஒன்று பழையது, ஒன்று புதியது? இரண்டும் பழையதாக இருந்தால் மதுரைத் திட்டம் குறுக்கே வரும். 1998லிருந்து தமிழ் இலக்கியங்களை இணையத்தில் ஏற்றுகிறார்கள், பெரிய பெரிய நூல்கள் ஒரே பக்கத்தில். அதில் எந்த இரண்டு பழைய சொல்லும் எங்காவது சந்தித்துக்கொள்ளும். ஆனால் அந்த நூல்களில் டிரான்சிஸ்டர் இருக்காது அல்லவா?

ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக மேற்கோள் குறிக்குள் போடுங்கள். இல்லையென்றால் புடவைக்கடைக்காரர் வேலையைக் காட்டிவிடும், ஒரு சொல்லை விட்டுவிட்டு முடிவைத் தரும். கூடவே, முடிவுப் பக்கத்தில் 'டூல்ஸ்' என்பதைத் தொட்டு, 'ஆல் ரிசல்ட்ஸ்' என்பதை 'வெர்பேட்டிம்' என்று மாற்றுங்கள். எழுதியது எழுதியபடி தேடு என்று அர்த்தம்.

எழுவாய் வடிவம் மட்டும்தான் செல்லும். தமிழில் வேற்றுமை உருபு சேர்ந்தால் சொல்லே மாறிவிடுகிறது. 'அம்மிக்கல்லைவிடவும்' என்று எழுதி ஒற்றை பிடித்தேன் என்று ஒருவன் வந்து நின்றான். செல்லாது.

எண்ணிக்கையை நம்பாதீர்கள். கணினியில் 'டூல்ஸ்' தொட்டால்தான் இப்போது எத்தனை முடிவு என்ற எண் தெரிகிறது. அதுவும் உத்தேசம்தான். கடைசிப் பக்கம் வரை போய்க் கையால் எண்ணுங்கள். ஒரே மாதிரியானவற்றை விட்டுவிட்டோம் என்று அடியில் ஒரு குறிப்பு வந்தால் அதையும் திறந்து பாருங்கள்.

முதல் வேட்டையில் அக்கா மகள் 'பத்தாயம்' என்ற சொல்லை எடுத்தாள். எடுத்தது அகராதியிலிருந்து, என்னவென்று தெரியாது. 'அம்மாச்சி, பத்தாயம்னா?' என்று கேட்க, நெல் கொட்டி வைக்கும் மரப்பெட்டி, தன் பிறந்த வீட்டில் ஆளுயரத்துக்கு ஒன்று இருந்தது, அதற்குள் ஒளிந்துகொண்டு அடி வாங்கியது என்று கால் மணி நேரம் போனது. பத்தாயத்தோடு ஹெலிகாப்டரைச் சேர்த்தாள். முதல் பக்கமே நிறைந்து வந்தது. யாரோ தன் கிராமத்து நினைவுகளைத் தொடராக எழுதி, அதில் ஒரு தேர்தல் சமயம் ஹெலிகாப்டர் இறங்கியதையும் எழுதியிருக்கிறார். முழுத் தொடரும் ஒரே பக்கத்தில். அடுத்து நியூட்ரான். ஒன்றுமே இல்லை. 'ரொம்பத் தூரம் போயிட்டோம் மாமா' என்றாள். அதுதான் இந்த ஆட்டத்தின் சூட்சுமம்: அரிய சொல் இரண்டைச் சேர்த்தால் பூஜ்யம், சாதாரணச் சொல்லைச் சேர்த்தால் ஆயிரம். நடுவில் ஒரு கயிறு இருக்கிறது, அதன்மேல் நடக்க வேண்டும். வழக்கமான உத்தி, அரிய சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் மாற்றி மாற்றிப் பார்ப்பது. நியூட்ரான் பூஜ்யம் என்றால் தெர்மாமீட்டர், அதுவும் பூஜ்யம் என்றால் ரேடியோ, ரேடியோவில் நாற்பது வந்தால் மைக்ரோபோன். காய்ச்சல் இறங்குகிற மாதிரி எண்ணிக்கை இறங்கும்.

நின்று நிதானமாக ஆடுங்கள். வேகமாக அடுத்தடுத்துத் தேடினால், வழக்கத்துக்கு மாறான போக்குவரத்து என்று சொல்லி நீங்கள் மனிதர்தானா என்று நிரூபிக்கச் சொல்லும். சிக்னல் விளக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று காட்டிவிட்டு வர வேண்டும். அம்மா அதையும் ஓர் ஆட்டம் என்று நினைத்து மார்க் கேட்டார். கொடுத்தோம்.

மார்க்: ஒன்று என்றால் 20, இரண்டு என்றால் 8, மூன்று என்றால் 3, பூஜ்யத்துக்கு எதுவும் இல்லை. பிடித்தவுடன் தேதி போட்டுத் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கே யாராவது புதிதாக ஒரு பக்கம் எழுதினால் ஒற்றை இரட்டையாகிவிடும்.

பிடித்த ஜோடியை இணையத்தில் எங்கேயும் போடவும் கூடாது. 'நான் கண்டுபிடித்தேன்' என்று எழுதினால் அந்த எழுத்தே இரண்டாவது முடிவாகிவிடும். அக்கா மகள் போன டிசம்பரில் ஒன்று பிடித்தாள், ஒரு சொல் மாட்டுவண்டியில், மற்றது மருத்துவமனையில். கட்டுரையில் போட்டுக்கொள்ளட்டுமா என்று போனில் கேட்டேன். நோட்டின் பின்னட்டையில் எழுதி அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறாளாம். 'போடாதீங்க மாமா, செத்துரும்' என்றாள்.